மார்கழியில் சுடாத கரண்டுப் பொட்டி

பட்டப்பகலில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதன் முன்னால் சம்மணம் போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். தெருக்கோடியில் சாவு மேளம் கேட்கிறது. மார்கழி வெயில் கொல்லைக் கதவு வழியாக வந்து என் முழங்கால் வரை விழுந்திருக்கிறது. அந்த வெயிலிலும் பல்பு வெள்ளை வெளேரென்று எரிகிறது. அது அப்படி எரிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பல்புக்குப் பக்கத்தில் என் ஓவன். உள்ளே கேக் எழும்பிக்கொண்டிருக்கிறது. வெண்ணெயும் பட்டையும் கலந்த வாசனை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகிறது. எழவு விழுந்த தெரு அது. எந்த வீட்டிலும் அன்று அடுப்பு மூட்டவில்லை.

இந்தக் காட்சியை எழுதாமல் இத்தனை வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் இந்தத் தொடரில் ஏதோ ஞாபகத்தில் "என்னிடம் ஒரு எலக்ட்ரிக் ஓவன் இருந்தது, அதை நானே பிரித்து மாட்டுவேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்டேன். ஒரு வாசகி போனில் கூப்பிட்டுக் கேட்கிறார்: "எங்க வீட்டு ஓவன் சூடாகுது, ஆனா கேக் நடுவுல வேகல. என்ன ரிப்பேரா இருக்கும்?"

சொல்கிறேன் தாயே. அந்தப் பெட்டிக்கு வரக்கூடிய அத்தனை சீக்கும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துத்தான் நீங்கள் கேட்டாக வேண்டும்.

இடது கைக் காயில்

என் வீட்டுக்காரர் கிளியனூர்க்காரர். புதுச்சேரியில் எலக்ட்ரீஷியன் வேலை. பிரெஞ்சுக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய காலம் அது. போகிறவர்கள் நாற்காலி, மேஜை, பியானோ என்று விட்டுவிட்டுப் போனார்கள். அவர் வேலை செய்த ஒரு வீட்டில், செத்துப்போன ஓவன் ஒன்று தோட்டத்தில் கிடந்தது. மழையில் நனைந்து, உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்றார்களாம்.

ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். இந்தத் தகர டப்பாவுக்கு ரிக்ஷா ஒரு கேடா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அவர் பேச்சே அவ்வளவுதான். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

பெட்டிச் சுவருக்குள் இருந்த பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தார். கதவைச் சுற்றிக் கல்நார்க் கயிறு பதித்தார். வேறொரு ஓட்டை ஓவனிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வந்து வைத்தார். சூடேறுகிற கம்பியைச் சைக்கிள் ஸ்போக்கின் மேல் சுற்றிச் சுற்றி, மேலுக்கும் கீழுக்குமான இரண்டு காயிலையும் அவரே செய்தார். அவர் இடது கைக்காரர். கடையில் விற்கிற காயில் ஒரு பக்கமாகச் சுற்றியிருந்தால், அவர் சுற்றியது அதற்கு எதிர்ப்பக்கமாகப் போகும்.

டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். அவர் எனக்குச் சொன்ன நீளமான பேச்சு இதுவாகத்தான் இருக்கும்:

"ரிப்பேருன்றது எங்கியும் ஓடிப்போயிடாது தனம். பொட்டிக்குள்ளதான் இருக்கும். ஒண்ணொண்ணா பாத்துக்கினே வா. மாட்டிக்கும்."

முதல் கேக் அடியில் கரியாகி, மேலே வெளுத்துப்போய் வந்தது. கரியைச் சுரண்டிப் போட்டுவிட்டு முழுவதையும் தின்றார். அப்புறம் கீழ்க் காயிலை ஒரு விரல் இறக்கினார், சரியாகிவிட்டது. புதுச்சேரியில் இருந்தவரை அந்த ஓவன் எனக்கு ஒரு வேளை கூடத் தொந்தரவு தந்ததில்லை.

அடுத்த ஆடியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் மஞ்சளானதை நான் முதலில் விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். ஆடி முடிவதற்குள் போய்விட்டார்.

அண்ணன் வீடு

அண்ணன் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னையும் ஓவனையும் ஏற்றிக்கொண்டு போனார். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற பாதையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அவர் வீடு. கரண்டுக் கம்பமும் அங்கேயே முடிந்துவிடும். எங்கள் வீட்டுக்கு அப்பால் கம்பம் கிடையாது.

அண்ணியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். வயிறாரச் சோறு போட்டாள். ஆனால் அந்த வீட்டில் எனக்கு வேலை இருந்தது, இடம் இல்லை. பாய் விரித்துப் படுத்தால் யாராவது தாண்டிக்கொண்டு போவார்கள். விசேஷத்துக்குக் கிளம்புகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. இன்னும் எத்தனை வருஷம் இப்படிப் படுத்து எழ வேண்டும் என்று இராத்திரியில் விரல் விட்டு எண்ணுவேன்.

ஓவனைக் கொல்லைப்புற அறையில் வைத்தோம். அண்ணன் பிள்ளைகள் அதற்குக் கரண்டுப் பொட்டி என்று பெயர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அண்ணி விறகடுப்பை மெழுகிக் கோலம் போடுவாள். முதல் வெள்ளியன்று ஓவன் மேலும் ஒரு கோலம் போடட்டுமா என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னாத்துக்குக் கோலம்? நெருப்பும் இல்ல, சாம்பலும் இல்ல. அது அடுப்பா? பொட்டி" என்றாள்.

இந்தப் பேச்சை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் ஓவனைப் போட்டேன். ஃப்யூஸ் போய் வீடே இருண்டது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். "விளக்கு வச்சப்புறம் அதைத் தொடாதம்மா. பகல்ல எவ்ளோ வோணா போட்டுக்கோ" என்றார் அண்ணன். நியாயம்தான். அன்றிலிருந்து பகலில் மட்டுமே சுட்டேன்.

டோரத்தி அம்மா

விழுப்புரம் ரயில்வே காலனியில் ஒரு ரயில் கார்டின் மனைவி டோரத்தி அம்மா. புதுச்சேரியில் இருந்த அவருடைய தங்கை வீட்டுக்கு என் வீட்டுக்காரர்தான் ஒயரிங் செய்தவர். துக்கம் விசாரிக்க டோரத்தி அம்மா திண்டிவனம் வரை ரயிலில் வந்தார். நான் ஒரு பன் கொடுத்தேன். கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு, அதை நிதானமாகத் தின்று முடித்துவிட்டுக் கேட்டார்:

"இது நீ செய்ததா? இவ்வளவு நல்ல கை வைத்துக்கொண்டு இங்கே சாணி தட்டிக்கொண்டு இருக்கிறாயா?"

ஐப்பசியில் வாரத்துக்கு ஒரு கூடை பன் ரயிலேறி விழுப்புரம் போயிற்று. வெளியே அடைமழை கொட்டும். கொல்லை அறைக்குள் ஓவன் கதகதவென்று இருக்கும். கேக் தட்டை எடுத்தால் தேன் நிறத்தில் இருக்கும். அண்ணன் கூட ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார்.

கார்த்திகை பிறந்ததும் டோரத்தி அம்மா விஷயத்துக்கு வந்தார். காலனிக்கு மொத்தமாகக் கிறிஸ்துமஸ் கேக் நான் போட வேண்டும். அது சரியாக வந்தால் தினசரி பன்னும் எனக்கே. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறது. ஓவனோடு அங்கே வந்துவிடலாம். "கார்டு ஐயாவிடம் பேசிவிட்டேன். கேக்கைத் தின்று பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். நீ கேக்கை மட்டும் ஒழுங்காகச் செய்" என்றார்.

சொந்தமாக ஒரு அறை. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம். அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கு

மாதிரிக்கு அனுப்பலாம் என்று சுட்ட முதல் கேக் மேலே நிறமே ஏறாமல், நடுவில் பச்சை மாவாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஒரு மணி நேரத்தில் வேக வேண்டியது, மதியம் முழுக்க உள்ளே கிடந்தும் வேகவில்லை.

வாசகி அம்மா, இனி உங்களுக்கு.

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிடுங்கிய பிளக்கின் ஊசிகளைப் பாருங்கள். கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒயர் முனை தளர்ந்திருந்தால் திருப்புளியால் முடுக்க வேண்டும். செய்தேன். ஃப்யூஸ் போயிருந்தால் சூடே வராது. எனக்குச் சூடு வந்தது, போதவில்லை. ஆகவே ஃப்யூஸ் இல்லை.

அடுத்தது காயில். இரண்டு காயிலில் ஒன்று அறுந்திருந்தால் ஒரு பக்கம்தான் வேகும். என்னுடையதில் இரண்டுமே உயிரோடு இருந்தன. ஆனால் நல்ல சிவப்பாகப் பழுக்க வேண்டியவை, செங்கல் நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டன.

என் வீட்டுக்காரருடைய தோல் பையில் டெஸ்ட் லாம்பு ஒன்று இருந்தது. ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். கரண்டு வருகிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் கருவி. ஒவ்வொரு நாளும் சுடுவதற்கு முன் போர்டில் மாட்டிப் பார்த்தேன். மஞ்சளாக எரிந்தது. கரண்டு வருகிறது. பகல் வெளிச்சத்தில் பல்பு அப்படித்தான் தெரியும் என்று நினைத்து, அதை ஓரமாக வைத்தேன்.

அந்தப் பல்பு தினமும் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒயர்மேன் வரும் நேரம்

என்னால் முடியாமல், ஊர் ஒயர்மேனைக் கூப்பிட்டு அனுப்பினோம். நல்ல மனுஷன். நாளெல்லாம் கம்பம் ஏறிவிட்டு, மாடுகள் வீடு திரும்புகிற நேரத்துக்குத்தான் வருவார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் பார்த்துவிடலாம் என்று ஓவனைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் காயில் பழுத்துவிடும். கையை நீட்ட முடியாது.

"ஃபஸ்ட் கிளாஸா இருக்குதேம்மா. இதுல இன்னா ரிப்பேரு?"

"பகல்ல வரமாட்டேன்னுது."

"பகல்ல ஒண்ணு, பொழுது போனா ஒண்ணு, அப்படி மிஷின் ஏதாவது இருக்குமா? மாவு பதம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த நாள் மதியம் மறுபடியும் பச்சை மாவு.

"சும்மா அவரைப் பேஜாரு பண்ணாத தனம். இல்லாத ரிப்பேருக்கு அவர் இன்னா பண்ணுவாரு?" என்றாள் அண்ணி. அப்புறம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்: "குப்பையில போட்டதை எடுத்தாந்து கட்டுனாரு. அது எத்தினி நாளைக்கு உழைக்கும்?"

இதுதான் என்னை உள்ளே போய் அரித்தது. என்னைச் சொன்னால் பரவாயில்லை. அவர் வேலையில் குறை இருந்திருக்குமோ என்ற எண்ணம் எனக்கே வந்துவிட்டது. இராத்திரியெல்லாம் செத்தவரோடு சண்டை போட்டேன். இடது கையால் ஏடாகூடமாகச் சுற்றினாயே, ஒழுங்காகச் சுற்றித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். உயிரோடு இருந்தபோதே பதில் சொல்லாதவர்.

காகிதம் வைத்துப் பார்

கதவைப் பாருங்கள் அம்மா. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் கயிறு தேய்ந்திருக்கிறது, சூடு வெளியே போகிறது. என் ஓவனில் மூன்று பக்கம் பிடித்தது, ஒரு பக்கம் கொஞ்சம் வழுக்கிற்று. அது போதுமே எனக்கு. அவர் பதித்த கயிற்றை முழுவதும் உரித்து எடுத்தேன். அடியில் அவர் விரல் வைத்து அழுத்திய பள்ளங்கள் வரிசையாக இருந்தன. புதுக் கயிறு பதித்தேன். கேக் வேகவில்லை.

பெட்டிச் சுவரைப் பிரித்தேன். மழைக்காலத்தில் பஞ்சு ஈரம் குடித்திருக்கலாம். ஈரப் பஞ்சு சூட்டைத் தின்றுவிடும். அதையும் எடுத்து எறிந்துவிட்டுப் புதிது அடைத்தேன். கையெல்லாம் அரிப்பு. கேக் வேகவில்லை.

தெர்மோஸ்டாட் என்பது சூடு ஏறியதும் கரண்டை நிறுத்துகிற கருவி. அது கெட்டுப்போனால் போதிய சூடு ஏறுவதற்கு முன்பே நிறுத்திவிடும். பகல் வெக்கையில் அது இறுகிக்கொள்கிறது, பொழுது சாய்ந்ததும் தளர்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எவ்வளவு அறிவு பாருங்கள். அதைக் கழற்றிவிட்டு ஒயர்களை நேராக இணைத்தேன். கேக் வேகவில்லை.

மிச்சம் இருந்தது காயில்.

விழுப்புரத்துக்குப் போய்க் கடையில் புதுக் காயில் வாங்கிவந்தேன். பழையதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு முறிவு இல்லை, ஒரு நெளிவு இல்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. புதிதை மாட்டினேன்.

கேக் வேகவில்லை. டோரத்தி அம்மா சொல்லி அனுப்பினார்: கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை பாசஞ்சரில் கேக் வந்தாக வேண்டும். வராவிட்டால் கார்டு ஐயா வேறு இடத்தில் சொல்லிவிடுவார்.

பேரீச்சம்பழம்

கேக்குக்குப் பேரீச்சம்பழம் வேண்டும். கயிறு, பஞ்சு, காயில் என்று வாங்கிய காசுக்கு மேல் அண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் தள்ளுவண்டியோடு தெருவில் வந்தார். கோட்டக்குப்பத்துப் பாய். தராசை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

கழற்றிப்போட்டதையெல்லாம் ஒரு முறத்தில் கொண்டுவந்து கொட்டினேன். பழைய தெர்மோஸ்டாட், செம்பு ஒயர்த் துண்டுகள், இரண்டு காயில். பாய் காயிலைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குது தங்கச்சி. அறுந்துபோகக் கூட இல்லியே. போட்டுடறியா?"

"போட்டுக்கோங்க பாய். சுடாத காயிலை வச்சிக்கினு இன்னா பண்றது?"

ஒரு பொட்டலம் பழம் கொடுத்தார். கையில் பிசுபிசுவென்று ஒட்டிற்று. அன்றே கொட்டை எடுத்து, நறுக்கி ஊறவைத்தேன்.

எழவு அன்று

கேக் ரயிலேற வேண்டியதற்கு முதல் நாள். விடிந்ததுமே முட்டை உடைத்து, மாவு கலந்து, தட்டுகளில் ஊற்றிவிட்டேன். அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. கோவிந்து மாமா போய்விட்டார். எங்களுக்கு உறவு இல்லை, ஆனால் தெருவுக்கே மாமா. ஊரில் முதன்முதலில் மோட்டார் போட்டவர் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் என் அண்ணன் உள்பட மற்றவர்கள் அந்த வருஷம் கிணற்றுக்கு மோட்டார் வைத்தார்கள்.

தெருவில் ஒரு சாவு என்றால், பிணத்தை எடுக்கும் வரை யார் வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. யாரும் நிலத்துக்குப் போகவும் கூடாது. அண்ணி எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். "நீ வூட்டுல இருந்து மாட்டைப் பாத்துக்கோ. எல்லாரும் போய்ட்டா எப்படி?" என்று சொல்லிவிட்டு அண்ணனோடு போனாள்.

நானும், மாவுத் தட்டுகளும், குளிர்ந்த விறகடுப்பும் இருந்தோம். மாவு மேலே குமிழி விட ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் தாங்காது. நாளைக் காலை பாசஞ்சர் காத்திருக்காது.

நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, அது அடுப்பா என்று அண்ணி கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அடுப்பு இல்லைதானே. புகை வராது, யார் கண்ணுக்கும் தெரியாது. வாசனையை நான் நினைக்கவில்லை. பல வாரமாக எதுவும் சரியாக வேகாததால், அந்த ஓவனிலிருந்து வாசனை வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஸ்விட்சைப் போட்டேன். பழக்க தோஷத்தில் டெஸ்ட் லாம்பையும் பக்கத்தில் மாட்டினேன்.

பல்பு வெள்ளையாக எரிந்தது.

வெள்ளை வெளிச்சம்

கதவு இடுக்கால் பார்த்தேன். காயில் இரண்டும் பழுத்த மிளகாயைப் போலச் சிவந்திருந்தன. மேளம் ஒரு நிமிஷம் நின்றது. அந்த அமைதியில்தான் எனக்குப் புரிந்தது. வயல் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கார்த்திகையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்ததிலிருந்து தினமும் பொழுது விடிந்தால் அத்தனை மோட்டாரும் ஓடும். மாடு திரும்புகிற நேரத்துக்கு நிற்கும். ஐப்பசி மழையில் ஒன்றும் ஓடவில்லை. இன்று சாவு, ஒன்றும் ஓடவில்லை. ஒயர்மேன் வருகிற பொழுதுகளிலும் ஓடியதில்லை. வழிநெடுகக் கம்பங்களிலிருந்து வயலுக்கு ஒயர் போயிருந்த மோட்டார் எல்லாம் எங்கள் கம்பியிலேயே கரண்டை இழுத்தன. கம்பியின் கடைசியில் இருந்த எங்கள் வீட்டுக்கு மிச்சம் மீதிதான் வந்தது. காயிலுக்குக் கரண்டு கொஞ்சம் குறைந்தாலும் சூடு நிறையக் குறைந்துவிடும். பகலில் வீட்டில் யாரும் விளக்குப் போடுவதில்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

வாசகி அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஓவனைப் பிரிப்பதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு பல்பைப் போட்டுப் பாருங்கள். அது மங்கலாக எரிந்தால் திருப்புளியைக் கீழே வைத்துவிடுங்கள்.

ரிப்பேர் பெட்டிக்குள்தான் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் புதுச்சேரி டவுனில் வேலை கற்றவர். மல்லாட்டைக்குத் தண்ணீர் பாயும் ஊரில் அவர் ஒரு ஓவனையும் பார்த்ததில்லை. கயிறு நன்றாகத்தான் இருந்தது. பஞ்சு நன்றாகத்தான் இருந்தது. காயில் நன்றாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். அந்தப் பெட்டிக்குள் அவர் கை பட்டது என்று சொல்ல அப்போது ஒன்றும் இல்லை.

கேக்கை வெளியே எடுத்தேன். தேன் நிறம். நடுவில் குச்சி விட்டுப் பார்த்தேன், ஒட்டாமல் வந்தது. அவ்வளவு நல்ல கேக்கை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

ஒப்பாரிச் சத்தம் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அண்ணி முதலில் வந்தாள். பின்னால் அண்ணன். "எழவு வூட்டுல புள்ளைங்க காலையிலேர்ந்து பட்டினி. அந்தச் சின்னது 'இன்னாமோ வாசனை வருதும்மா, எனக்கும் வோணும்'னு பொணத்து மேலயே சாஞ்சிக்கினு அழுவுது. மாரடிச்சிக்கினு இருந்தவங்க எல்லாம் நிறுத்திட்டு நம்ம வூட்டைத் திரும்பிப் பாக்குறாங்க. உனக்கு மனசு வந்துச்சா தனம்?"

"அடுப்பு மூட்டல அண்ணி. நீங்கதானே இது அடுப்பு இல்லன்னீங்க."

அண்ணி ஓவன் கதவை எட்டி அறைந்து மூடினாள்.

அண்ணன் கத்தவில்லை. என் அண்ணன் எப்போதும் கத்தியதில்லை. துண்டை மடித்துச் சுடச்சுடத் தட்டுகளைத் தூக்கினார்.

"அண்ணே, ரிப்பேரு இன்னான்னு தெரிஞ்சிபோச்சு. பொட்டியில இல்ல. நம்ம மோட்டாருங்க ஓடறதாலதான்—"

"நாளைக்கு என்னைத் தூக்கறதுக்கு இந்தத் தெரு வோணும்மா" என்றார். கொல்லையில் எருக்குழிக்குப் போய்க் கேக்கைக் கவிழ்த்துவிட்டு, காலித் தட்டுகளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அப்புறம் பாடையில் கை கொடுக்கப் போனார்.

மிச்சம்

தை பிறந்தபின் விழுப்புரம் போய் டோரத்தி அம்மாவைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். "ஒரு ஆளையாவது அனுப்பிச் சொல்லியிருக்கலாமே தனம்" என்றார். பின்கட்டு அறையில் ஒரு ரயில்வே பையன் குடி வந்திருந்தான். அவன் பனியன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தபின் சுடலாமா என்று அண்ணனைக் கேட்கலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. எழவு அன்று கேக் சுட்டவள் கையால் அந்த ஊரில் யாரும் ஒரு வாய் வாங்கித் தின்னத் தயாராக இல்லை. அண்ணி ஓவனுக்குள் மிளகாய் வற்றலை வைத்து மூடினாள். எலி போகாதாம்.

அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்பிவிடுகிறேன்.

பிணம் போயிற்று. தெருவே குளித்தது. வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டினார்கள். நான் கொல்லை அறையிலேயே இருந்தேன். டெஸ்ட் லாம்பை அணைக்கவில்லை. அது இன்னும் வெள்ளையாகவே எரிந்துகொண்டிருந்தது. மல்லாட்டை காய்கிறது, இருட்டுவதற்குள் இரண்டு பாத்தியாவது பாயட்டும் என்று அண்ணன் யாரிடமோ சொல்வது கேட்டது. ஈரத் தலையோடு மோட்டார் கொட்டகைப் பக்கம் போனார். மோட்டார் உறுமிற்று. தொடர்ந்து அடுத்த நிலத்தில் ஒன்று, அதற்கு அப்பால் ஒன்று. என் எதிரிலேயே பல்பு படிப்படியாக மஞ்சளாயிற்று.

பிளக்கைப் பிடுங்கினேன்.

எருக்குழிக்குப் போனேன். கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. துரத்திவிட்டு, மேலாகக் கிடந்த ஒரு துண்டை எடுத்து, முந்தானையால் சாணியைத் துடைத்தேன். காலையிலிருந்து நானும் பட்டினிதான்.

வாயில் போட்டு மென்றேன். நன்றாக வெந்திருந்தது. பல்லில் ஒரு பேரீச்சம்பழத் துண்டு அகப்பட்டது.